பதினேழாம் இலக்கம் ஆற்றை மருமோன்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மாமனாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அவர் இப்போது உயிரோடு இல்லை. அதற்காக எதையும் குறைத்துச் சொல்லப்போவதில்லை. குறைத்துச் சொன்னால் அவருக்கே பிடித்திருக்காது.

என் ஊர் குருநகர். அப்பா கடற்றொழில் செய்தவர், நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். என் மனைவி உரும்பிராய். தோட்டக்காரக் குடும்பம், சைவம், மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வீட்டுக்குள் நுழையாது. உரும்பிராய்க்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் படிப்பித்தோம். விரும்பினோம். இரண்டு பக்கமும் சம்மதிக்காததால் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, சந்தைக்குப் பின்னால் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்தோம். என்னுடைய வீட்டார் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறங்கிவந்தார்கள். அவளுடைய அப்பா இறங்கவில்லை. எங்களுக்கு மகள் பிறந்தபோதும் வந்து பார்க்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் "உவன்" என்பார். பெரிய மனிதர் யாராவது பக்கத்தில் இருந்தால் "உந்த வாத்தி" என்பார். மூன்று வருடமாக மருமகன் என்ற சொல் அவருடைய வாயில் வரவில்லை.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், உரும்பிராயிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் அம்மா ஒருவர் இருந்தார். அந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதை நிறுவைக்கு மேல் இனாமாகப் போடுவார். மனைவி அவரிடம்தான் வெங்காயம் வாங்குவாள். வீட்டில் வெங்காயம் இருக்கும்போதும் வாங்குவாள்.

மருமகன் என்ற அந்தச் சொல் எனக்குத் தேவையே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பச்சைப் பொய். எனக்கு அது வேண்டும். ஊருக்கு முன்னால், நாலுபேர் கேட்க, அவருடைய வாயாலேயே வேண்டும். இரவல் வாங்கிய சாமானைப் போல அந்த மனிதர் என்னை ஒருநாள் தன்னுடையதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம்தான் எனக்குக் கோபமாக வந்தது.

யுத்தத்தால் மின்சாரம் நின்று மூன்றாவது வருடம் அது. பெற்றோல் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. விளையாட்டுப் போட்டிகளுக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. மனைவியின் ஊர் விளையாட்டுக் கழகம் ஒவ்வோர் ஆவணியிலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போட்டி வைக்கும். ஆளுக்கு ஆள் இல்லை, வீட்டுக்கு வீடு போட்டி. தாய்மார் தென்னோலையில் கிடுகு பின்னுவார்கள். தகப்பன்மார் மெதுவான சைக்கிள் ஓட்டத்தில் இறங்குவார்கள், கடைசியாக வருகிறவர் வென்றவர். இளம் பெண்கள் கரண்டியில் தேசிக்காய் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஞாயிறு விடிய மரதன் ஓட்டம். எல்லாப் புள்ளிகளையும் கூட்டி, கூடிய வீட்டுக்குக் குடும்பக் கேடயம். முதிரைப் பலகையில் பித்தளைத் தகடு அடித்த அந்தக் கேடயம் நாலு வருடமாக மாமனாரின் விறாந்தைச் சுவரில் தொங்கியது. கழகத் தலைவரும் அவர்தான்.

மரதன் என்றால் இருபத்தாறு மைல் என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்க ஓடினால் மரதன்தான். இது ஏறத்தாழ ஒன்பது மைல். உரும்பிராயிலிருந்து பலாலி வீதியால் கோண்டாவில், திருநெல்வேலி, அங்கிருந்து திரும்பிக் கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், மறுபடி உரும்பிராய். எனக்கு ஓடுவதே பிடிக்காது. நீந்துவேன், தோணி வலிப்பேன். ஒன்றும் துரத்தாமல் ஒரு மனிதன் ஓடுவதற்கு என்ன காரணம் இருக்கமுடியும் என்று எனக்கு விளங்கியதில்லை.

காரணத்தை என் மனைவி கொண்டுவந்தாள். அந்தக் கழகத்தில் ஒரு விதி இருந்தது. முன்னொருமுறை யாரோ ஒரு வீட்டார் வெளியூர் ஓட்டக்காரனைக் கொண்டுவந்து ஒன்றுவிட்ட மருமகன் என்று காட்டி முதற்பரிசை அடித்துக்கொண்டு போனார்களாம். அதன்பிறகு வெளியாட்கள் ஓட முடியாது. ஊருக்குள் பெண் எடுத்தவர்கள் ஓடலாம். ஆனால் பெண்ணைப் பெற்றவர் பதிவு மேசைக்கு வந்து, "இவர் என்ரை மருமோன்" என்று வாயால் சொல்லவேண்டும். சொன்னால் கொப்பியில் எழுதுவார்கள்.

"உங்களை ஓடவிட்டால் அப்பா மேசைக்கு வந்து சொல்லித்தானே ஆகவேணும்?" என்றாள் அவள்.

"சொல்லாட்டில்?"

"சனத்துக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லாமல் விடுவார்? நீங்கள் ஓடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

நான் ஓடினேன். இரண்டு மாதம், விடிய ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில், வெறுங்காலோடு, மாமனாரை மனதுக்குள் திட்டிக்கொண்டு ஓடினேன். முதல் கிழமை இரண்டு சுற்றுக்குத் திட்டுத் தீர்ந்துபோயிற்று. இரண்டாம் மாதத்தில் இருபது சுற்றுக்கும் திட்டு இருந்தது.

சனிக்கிழமை மகளைச் சைக்கிள் பாரில் இருத்தி, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனோம். மாமியார் ஆள்விட்டு மகளையும் பேத்தியையும் சாப்பிட வரச்சொல்லியிருந்தார். என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரச்சொல்லவும் இல்லை. மனைவி பிள்ளையோடு படலைக்குள் போனாள். நான் வெளியே சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றேன். உள்ளே கிணற்றடியில் நின்ற அவளுடைய தம்பி என்னைக் கண்டுவிட்டு, "மாஸ்டர், வெய்யில்ல நிக்காதேங்கோ, அங்காலை மரம் இருக்கு" என்று கையால் காட்டினான். கம்பசில் படிக்கிற இருபத்தொரு வயது இளந்தாரி. அக்காவின் புருஷனை அத்தான் என்று கூப்பிட அவனுக்கு நாக்கு எழவில்லை. நான் மரத்துக்கும் போகவில்லை. தேத்தண்ணிக் கடையில் பணிஸ் ஒன்று வாங்கித் தின்றேன். அது பழசு.

பின்னேரம் பதிவு மேசைக்குப் போனேன். கழகச் செயலாளர் அப்பியாசக் கொப்பியை விரித்து வைத்திருந்தார். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு மருமகன்தான். அவருடைய மாமனார் தோளில் கை போட்டபடி "இவர் என்ரை ரெண்டாவது மருமோன், எழுது" என்றார். என்னுடைய முறை வந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார், பக்கத்துக் கதிரையில் இருந்த தலைவரைப் பார்த்தார்.

"ஐயா, இவர்..." என்று இழுத்தார்.

மாமனார் மெதுவான சைக்கிள் ஓட்டத்தில் அப்போதுதான் வென்றுவிட்டு வந்திருந்தார். மெதுவாகப் போவதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை. ஒரு சொல்லை மூன்று வருடம் இழுத்தடித்தவருக்கு நூறு யார் தூரம் சைக்கிளை இழுத்தடிக்க என்ன கஷ்டம்? துவாயால் கழுத்தைத் துடைத்தார். மைதானத்தைப் பார்த்தார்.

"ஓடட்டும். ஆர் வேண்டாமெண்டது?" என்றார்.

அவ்வளவுதான். தலைவரை யார் கேட்பது? செயலாளர் என் பெயரை எழுதி, 'இன்னாருடைய மகன் அல்லது மருமகன்' என்ற பத்தியை வெறுமையாக விட்டுவிட்டு, பதினேழு என்று எழுதிய துணித்துண்டை நீட்டினார். பெண்கள் பக்கம் நின்ற மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கேட்டாள். நான் துணித்துண்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரித்தாள். சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அன்றைக்கு முடியும்போது மாமனார் வீடு ஒரு புள்ளியால் முன்னுக்கு நின்றது. பின்னால் நின்றது யார் வீடு என்று பார்த்தால், அடுத்த வளவுக்காரர் வீடு. இரண்டு வீட்டுக்கும் பத்து வருடப் பகை. வேலி அடைக்கும்போது அடுத்த வளவுக்காரர் மாமனாரின் பக்கம் ஒரு முழம் உள்ளே தள்ளி வேலிக் கதியால் நட்டுவிட்டாராம். அந்த ஒரு முழத்துக்காக நன்மை தின்மை எதற்கும் போக்குவரவு இல்லை. மாமனார் என்னை வெறுத்தது மூன்று வருடம். அவரை வெறுத்தது பத்து வருடம். அந்த வித்தியாசம் மறுநாள் எனக்குப் பயன்பட்டது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு பேர் கோட்டில் நின்றோம். மாமனார் விசில் ஊதினார். தன் மகனுக்குப் பின்னால் சைக்கிளில் வந்தார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் ஓட்டக்காரனுக்குப் பின்னால் இப்படி ஓர் ஆளைச் சைக்கிளில் அனுப்புவது வழக்கம். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

வீதியில் வாகனமே இல்லை. கோண்டாவில் வரை காற்று நன்றாக இருந்தது. திருநெல்வேலிச் சந்தியில் வெங்காயக்கார அம்மா சந்தை வாசலில் நின்று, "ஓடுங்கோ தம்பி, உரும்பிராயான் எல்லாரையும் திண்டுபோட்டு ஓடுங்கோ!" என்று கத்தினார். தானும் உரும்பிராய் என்பதை அவர் அந்த நேரம் மறந்துபோனார். கல்வியங்காட்டில் வலது கணுக்கால் வலிக்கத் தொடங்கியது. அதைத் தாண்டியதும் மூச்சும் முட்டியது. மைதானத்தில் இருபது சுற்று ஓடுவது வேறு, வெய்யில் ஏற ஏறத் தார் வீதியில் ஓடுவது வேறு என்பது இருபாலையில் எனக்கு முழுதாக விளங்கியது. அப்போது நான் ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு நாலு பாகம் தூரம் பின்னால் மைத்துனனும், அவனுக்குப் பின்னால் சைக்கிளில் மாமனாரும். "விடாதை, விடாதை, உவனை விடாதை!" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார். அந்தச் சத்தத்தில்தான் நான் கோப்பாய்ப் பக்கம் வரை ஓடினேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

கோப்பாய்க்குக் கொஞ்சம் இந்தப்பக்கம் இராணுவ ஹெலிகொப்டர் வந்தது.

சத்தம் வந்ததும் எல்லோரும் வீதியோர வடிகால் கானுக்குள் விழுந்தோம். நான் களைப்பில் ஒரு கணம் பிந்திவிட்டேன். "அத்தான், படுங்கோ! அத்தான்!" என்று ஒரு குரல் கேட்டது. சட்டையையோ காற்சட்டையையோ, எதையோ பிடித்து யாரோ கீழே இழுத்தார்கள். முகம் மண்ணில் அடித்தது. வயல்பக்கமாக இரண்டு முறை சுட்டுவிட்டு ஹெலி வட்டமடித்தது. கானுக்குள் பழைய வாழைச் சருகு நாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சுட்டதைவிட அந்தச் சொல்தான் காதுக்குள் நின்றது. அத்தான். மூன்று வருடத்தில் முதல்முறை. அதுவும் தகப்பன் பக்கத்தில் கிடக்கும்போது.

ஹெலி போனதும் எழும்பினேன். மைத்துனனைக் காணவில்லை. முப்பது யார் தூரம் முன்னால் கானுக்குள்ளிருந்து ஏறி ஓடிக்கொண்டிருந்தான். ஹெலி மேலே சுற்றிய நேரம் முழுக்க அவன் கானுக்குள்ளேயே ஊர்ந்து என்னைத் தாண்டிப் போயிருக்கிறான்! கழகத்தில் இதற்கும் விதி இருந்தது: ஹெலி வந்தால் ஓட்டம் நிற்கும், போனபின் அவனவன் விழுந்த இடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தார். அவருடைய முழங்கை முழுக்கச் சேறு.

"உது சரியோ?" என்று கேட்டேன். அவரோடு நான் நேரே கதைத்த முதல் வார்த்தை அதுதான்.

அவர் சைக்கிளை நிமிர்த்தினார். சங்கிலி கழன்றிருந்தது. குனிந்து மாட்டினார். என்னைப் பார்க்காமலே ஏறி மகனுக்குப் பின்னால் போனார்.

நான் ஓடினேன். கணுக்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. முன்னால் ஓடியவர்களில் சிலர் ஹெலியோடு வேலி பாய்ந்து, அப்படியே சந்து ஒழுங்கைகளால் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் நாங்கள் இருவரும் நாலாவதும் ஐந்தாவதுமாக வந்துகொண்டிருந்தோம். மூன்றாவதாக அடுத்த வளவுக்காரரின் மகன்.

கோப்பாயிலிருந்து உரும்பிராய்க்குத் திரும்பும் வீதியில்தான் மாமனார் வீடு. ஓட்டக்காரன் உள்ள வீட்டார் படலையில் தண்ணீரோடு நிற்கவேண்டும் என்பது வழக்கம். மாமியார் செம்போடு நின்றார். பக்கத்தில் மனைவி, இடுப்பில் பிள்ளை. மைத்துனன் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடியதை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாமியார் வாளியில் செம்பை நிறைத்தார். நான் கையை நீட்டினேன். அவர் செம்பைத் தரவில்லை. உயரத் தூக்கி, என் ஏந்திய கைகளில் ஊற்றினார். ஓடுகிறவனுக்கு அப்படி ஊற்றுவதுதான் சுகம் என்று மனைவி பிறகு சொன்னாள். இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அது அப்படிப் படவில்லை. பாதித் தண்ணீர் முழங்கையால் ஓடிப்போயிற்று. மீதியைக் குடித்தேன். நல்ல தண்ணீர், எங்கள் குருநகர்த் தண்ணீரைப்போல உவர் இல்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

மைதானத்துக்குள் நுழைந்தபோது மாமனார் முந்திப்போய் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துவிட்டார். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டிருந்தது. வந்து சேர்கிறவர்களை இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன் என்று ஒவ்வொருவராக அறிவித்தார். நாலாவதாக வந்தவனுக்கு, "என்ரை இளைய மகன்!" என்று இரண்டு தரம் சொன்னார். நான் கோட்டைத் தாண்டினேன்.

"பதினேழாம் இலக்கம். அஞ்சாவது" என்றார்.

நான் புல்லில் குப்புற விழுந்தேன். யாரோ தேசிக்காய்த் தண்ணீர் தந்தார்கள். வாந்தி எடுத்தேன். ஓடி முடித்த சந்தோஷம் என்று ஒன்று உண்டு என்று பிறகு பலபேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்தது வாந்தி மட்டும்தான்.

பின்னேரம் பரிசளிப்பு. மரதனில் முதல் ஐந்து இடங்களுக்கு ஐந்திலிருந்து ஒன்று வரை புள்ளி. அடுத்த வளவுக்காரரின் மகனுக்கு மூன்று, மைத்துனனுக்கு இரண்டு. முதல்நாள் இருந்த ஒரு புள்ளி வித்தியாசம் அதோடு சமனாகிவிட்டது. மிச்சம் இருந்தது என்னுடைய ஒரு புள்ளி. அதைச் சேர்த்தால் கேடயம் மாமனாருக்கு. சேர்க்காவிட்டால் இரண்டு வீடும் சமன், அப்படி வந்தால் ஆளுக்கு ஆறுமாதம் கேடயத்தை வைத்திருக்கவேண்டும். செயலாளர் என் புள்ளியைச் சேர்த்துக் கேடயத்துக்கு மாமனார் வீட்டைக் கூப்பிட்டார். அடுத்த வளவுக்காரர் எழும்பினார்.

"கொஞ்சம் நில்லுங்கோ. உந்தப் பதினேழாம் இலக்கம் ஆற்றை மருமோன்? கொப்பியைப் பாருங்கோ. அதிலை ஒண்டும் எழுதேல்லை."

செயலாளர் கொப்பியைப் புரட்டினார். வெறுமை வெறுமையாகவே இருந்தது. கச்சான் கடலை விற்றவன்கூட மணி அடிப்பதை நிறுத்தினான். மாமனாரின் கையில் ஒலிபெருக்கி இருந்தது. அவருடைய முகத்தில் எனக்கு மூன்று வருடம் தெரிந்த அந்த இறுகல் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்ததை நான் பார்த்தேன். என்னை ஏற்றுக்கொள்வதா, அடுத்த வளவுக்காரரோடு கேடயத்தைப் பங்குபோடுவதா? அவர் அதிக நேரம் எடுக்கவில்லை.

"என்ரை மருமோன்தான்!" என்றார். "எழுது!"

மைதானம் முழுக்கக் கேட்டது. அவர் அடுத்த வளவுக்காரரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. என் பக்கம் ஒருதரமாவது திரும்பியிருந்தால் நான் இந்தக் கதையை வேறுமாதிரி எழுதியிருப்பேன். பெண்கள் பக்கம் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை.

செயலாளர் நியாயமான மனிதர். "மாஸ்டர், பதியேக்க சொல்லாததாலை உங்களையும் ஒருக்காக் கேக்கிறன். நீங்களும் ஓமெண்டால் எழுதிவிடுறன்" என்று ஒலிபெருக்கியை என்னிடம் தந்தார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஊருக்கு முன்னால், அவருடைய வாயால், ஒலிபெருக்கியில். 'ஓம்' என்ற ஒரு சொல் போதும். எனக்கோ செம்பு ஞாபகம் வந்தது, கான் ஞாபகம் வந்தது, பழைய பணிஸ் ஞாபகம் வந்தது.

"இல்லை" என்றேன். "நேற்று இந்த மேசையில கேட்டபோது ஒருத்தரும் சொல்லேல்லை. நான் வெளியாளாத்தான் ஓடினனான். வெளியாள் எண்டே எழுதுங்கோ."

சனம் ஓவென்றது. அடுத்த வளவுக்காரர் கைதட்டினார். நாணயம் சுண்டினார்கள். முதல் ஆறுமாதம் அவருக்கு விழுந்தது. மாமனார் கதிரையில் இருந்தபடி இருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. எனக்கு மனம் குளிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகக் குளிர்ந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கும் வரை.

அவள் சைக்கிளில் ஏறவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பலாலி வீதியில் நடந்தாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டு, பின்னால் போனேன். கோண்டாவிலைத் தாண்டினோம். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"நீங்கள் அவரை வெல்ல ஓடினீங்கள். நான் வீட்டை போகத்தான் உங்களை ஓடச்சொன்னனான்."

அதன்பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வாள். "அப்பாக்குப் புட்டு மூடிவைச்சிருக்கெண்டு சொல்லு." இரண்டு வயதுப் பிள்ளை அதைச் சரியாக வந்து சொல்லும். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரே ஒரு தரம் பொய்க்காவது ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன குறைந்திருக்கும்?

ஒரு மாதம் கழித்துச் சந்தைக்குப் போனோம். மனைவி பையை விரித்துப் பிடிக்க, வெங்காயக்கார அம்மா என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தார்.

"தம்பி, உங்கடை மாமா ஊரெல்லாம் உங்களைத் திட்டித் திரியிறார். தெரியுமோ?"

"திட்டட்டும். என்னவாம்?"

"தேத்தண்ணிக் கடையில, கோயில் வீதியில, தோட்டத்துக்குத் தண்ணி மாறுற இடத்தில, ஒருத்தரை விடுறாரில்லை. 'என்ரை மருமோன் ஊருக்கு முன்னாலை என்ரை மூஞ்சையில கரியைப் பூசிப்போட்டான். வேறை ஆர் எண்டாலும் பறவாயில்லை, சொந்த மருமோன் செய்யிற வேலையே இது?' எண்டு. மாசியில கேடயத்தை வாங்க அடுத்த வளவுப் படலைக்குத் தான் போகமாட்டாராம். 'கெடுத்தவன் மருமோன், அவனே போய் வாங்கிக்கொண்டு வரட்டும்' எண்டு சொல்லிப்போட்டார்."

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

அவர் முழுவதையும் திருப்பிச் சொன்னார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைத்திருப்பார். மனைவி, "அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள். மூன்றாம் தரம் சொன்னார். மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு கிலோ போடுங்கோ" என்றாள். வீட்டில் வெங்காயம் நிறைய இருந்தது.

மாசியில் போனேன். அடுத்த வளவுக்காரர் கேடயத்தைச் சிரித்துக்கொண்டே தந்தார். தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுப் படலைக்கு வந்தேன். மனைவியும் பிள்ளையும் பின்னால். மாமனார் உள்ளே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"வெக்கமில்லையே உமக்கு? நாலு வருசமாச் சுவரில தொங்கினதை ஊருக்கு முன்னாலை பங்குபோட வைச்சீரே! படிச்ச மனிசன் செய்யிற வேலையே?"

"உங்கடை மகன் கானுக்குள்ளாலை ஊர்ந்ததைப் பாத்துக்கொண்டு கிடந்தீங்களே, அது என்ன வேலை?"

"அது ஊருறதோ? பொடியன் பயத்தில முன்னுக்குப் போயிட்டான்!"

"முப்பது யார் தூரமோ?"

அவர் கத்தினார், நானும் கத்தினேன். அவர் கத்திக்கொண்டே பின்னால் பின்னால் போக, விடாமல் நானும் கேடயத்தோடு அவருக்குப் பின்னால் போனேன். செம்பைப் பற்றிக்கூடக் கேட்டேன். மாமியார் குசினிக்குள்ளிருந்து, "ஓடுற ஆளுக்குச் செம்பைக் குடுத்தால் ஆர் திரும்பத் தாறது?" என்று கத்தினார். கத்தி முடிந்து மூச்சு வாங்கியபோதுதான் பார்த்தேன், நான் விறாந்தையில் நின்றேன். மாமனார் ஆணியைக் காட்டினார். நான் கேடயத்தை மாட்டினேன். "சரிஞ்சிருக்கு" என்றார். நிமிர்த்தினேன். மனைவி எப்போதோ தாயோடு குசினிக்குள் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூட. அதையும் சொன்னேன்.